ஏழாம் வார்டு பச்சை

1

இந்தக் கதை எனக்கு ஒரு மூங்கில் கழியிலிருந்து கிடைத்தது. கழியின் மேல்முனையை ஷீபா பிடித்திருந்தாள். அடிமுனையைச் சேற்றில் நின்று பிடித்தது யார் என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போது சொன்னால் நீங்கள் மேற்கொண்டு என்னை நம்பமாட்டீர்கள்.

முதல் தொடக்கம்: "தாழத்துருத்தின் வரம்பில் ஷீபா நின்றபோது காயல் கண்ணாடியைப் போல

இல்லை. கண்ணாடி அசையாது. காயல் அசையாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

இரண்டாம் தொடக்கம்: ஷீபா பயந்தாள்.

இது போதும்.

2

தாழத்துருத்து ஒரு சின்னத் தீவு; சுற்றிலும் கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும் காயல். காயலுக்கும் வீடுகளுக்கும் நடுவே கல்லும் மண்ணுமாக ஒரு வரம்பு. பருவநிலைத் திட்டத்தில் வரம்பை உயர்த்துவதாகப் பஞ்சாயத்து எழுதிக் கொடுத்திருந்தது. எழுதியதைச் செய்தார்களா என்று பார்க்க வார்டுக்கு ஓர் ஆள், ஆளுக்கு ஒரு செயலி. ஏழாம் வார்டுக்கு ஷீபா. அவள் போனில் போடுவது பஞ்சாயத்து அலுவலகத் திரையில் நிறமாகத் தெரியும். வேலை நடக்காத வார்டு சிவப்பு, முடிந்தது பச்சை.

வெள்ளம் வருமென்றால் படகும் மணல்மூட்டையும் முதலில் சிவப்புக்குப் போகும். பச்சைக்குப் போகாது. நியாயம்தான். அதில் நான் குறை காணவில்லை.

3

அவள் அளந்தது போன மாதம், காலை ஏழு மணிக்கு. நீர் இறங்கிக் கிடந்த நேரம். துருத்தில் வரம்பு வேலை என்றாலே இறக்கத்தில்தான். சேறு வெட்டுவதும் கல் அடுக்குவதும் அப்போதுதான் முடியும். அளப்பதும் வரம்பு வேலைதானே என்று கால் தானாகப் போயிற்று.

செயலி கேட்டது ஒன்றே: நீர்மட்டத்திலிருந்து வரம்பின் உயரம் எவ்வளவு? எந்த நேரத்து நீர்மட்டம் என்று கேட்கவில்லை. அதைச் செய்தவர்கள் ஊரில் தண்ணீர் ஒரே இடத்தில் நிற்கும் போலிருக்கிறது.

மூன்றடி; திட்டம் கேட்டதும் அதுதான். அழுத்தினாள். பச்சை.

இன்று மதிய ஏற்றத்தில் அவள் வரம்பின் மேல் நடந்தாள். நீர் நான்கு விரற்கடை கீழே நின்றது. கழி தேவைப்படவில்லை. குனிந்து கையாலேயே அளந்தாள். நாளை விருச்சிகப் பௌர்ணமி, அதாவது கார்த்திகை மாதத்துப் பௌர்ணமி; வருஷத்தின் பெரிய ஏற்றம். விடியுமுன் வரும் ஏற்றம் இதைவிட ஓரடி கூடுதலாக இருக்கும். அப்போது வரம்படியில் குடியிருக்கும் ரோஸிலியின் வீட்டில்

(இந்த வாக்கியத்தை மூன்று முறை முடிக்கப் பார்த்தேன்.)

4

பஞ்சாயத்துச் செயலர் முரளிதரன் கெட்டவர் இல்லை. முதல் வரைவில் அவருக்கு மீசையும் கள்ளச் சிரிப்பும் வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். அவர் அன்று மதியச் சோறுகூட உண்ணவில்லை.

"சாரே, ஏழாம் வார்ட திரும்பச் சிவப்பாக்குங்க. நான் இறக்கத்துல அளந்துட்டேன்."

"நாசமாப் போச்சு. யார்கிட்டயாவது சொன்னியா?"

"உங்ககிட்டதான் சொல்றேன்."

அவர் திரையைத் தட்டினார். மறுபடி தட்டினார்.

"பாரு. முடிஞ்சதுன்னு போட்டத முடியலன்னு மாத்த இதுல இடமே இல்ல. ஒண்ணே ஒண்ணு இருக்கு. சேதம். வரம்பு உடைஞ்சிருக்குன்னு போட்டோ போட்டா அந்த நிமிஷமே சிவப்பு."

"உடையலியே."

"அதத்தான் நானும் சொல்றேன்."

"ஒரு படகு மட்டும் வாய்ச் சொல்லா அனுப்புங்க சாரே. கட்டில்ல கிடக்குற பௌலோஸ் சேட்டனுக்காக."

"இருக்குற மூணு படகையும் மேலிடத்துல திரையப் பார்த்துத்தான் அனுப்புறாங்க மோளே. என் வாயை எவன் கேக்குறான்?"

5

பௌலோஸ் தென்னையிலிருந்து விழுந்து நாலு வருஷமாகக் கட்டிலில் இருக்கிறார். வரம்பை ஒட்டிய முதல் வீடு. மனைவி ரோஸிலி வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வாடி. உன் போன்ல நாங்கல்லாம் பத்திரமா இருக்கோமாமே?"

"சேச்சி..."

"அந்த போனுக்குள்ளயே எங்களக் குடி வச்சிடேன். வாடகை தர்றோம்."

உள்ளேயிருந்து பௌலோஸ் குரல்: "எனக்கு ஜன்னலோரமாப் பாத்துக் குடு, ஷீபா."

ஷீபாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டிலின் காலைப் பார்த்தாள். போன வருஷத்து நீர்க்கறை அதில் ஒரு சாண் உயரத்தில் இருந்தது. போன வருஷம் ஏழாம் வார்டு சிவப்பு. படகு வந்திருந்தது.

[நீங்கள் கேட்பீர்கள்: நாலு பேர் சேர்ந்து தூக்கிப் போகக் கூடாதா? துருத்திலிருந்து வெளியேற ஒற்றைப் பலகைப் பாலம். முன்பு ஒருமுறை தூக்கினார்கள். நடுவில் கீழே போட்டார்கள். அதற்குப் பிறகு ஆளைத் தொட்டாலே அவர் அலறுகிறார். கட்டிலோடு பஞ்சாயத்துப் படகில் ஏற்றுவது ஒன்றுதான் வழி; இங்குள்ள மீன்தோணிகளில் கட்டில் கொள்ளாது. இதைவிட நல்ல வழி இருந்தால் கதையை எழுதுவதை விட்டுவிட்டு அதைச் செய்திருப்பேன்.]

6

மாலை ஐந்தரை. நீர் முழுக்க இறங்கிக் கிடக்கிறது. ஷீபா மண்வெட்டியோடு வரம்பின் மேல் நிற்கிறாள்.

இரண்டு முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: அவள் வெட்டுகிறாள். போட்டோ போகிறது. திரை சிவக்கிறது. ஏழு மணிக்குப் படகு வருகிறது. பௌலோஸ் ஜன்னலோரம் கேட்கிறார். இதை அடித்தேன். படகு தாமதித்தால், ஏற்றம் வரம்புக்கு மேலே வரும்வரை காத்திருக்காது. அவள் வெட்டிய வாய் வழியாக முன்னிரவிலேயே வரும்.

மற்றொன்று: அவள் வெட்டவில்லை. நீர் நான்கு விரற்கடை கீழேயே நின்றுவிடுகிறது. இதையும் அடித்தேன். அது என் ஆசை. காயலுக்கு அது தெரியாது.

இப்போது கழியைப் பற்றிச் சொல்லவேண்டும். போன மாதம் அளந்த காலையில் அடிமுனையைப் பிடித்துச் சேற்றில் நின்றவன் நான். எதிரே கற்களில், என் இடுப்பளவுக்கு, ஈரக் கறுப்பாக ஒரு கோடு. ஏற்றம் தொட்டுப் போகும் கோடு. பார்த்தேன். அங்கிருந்து அளக்கவேண்டும் என்று தெரிந்தது. கால் விறைத்திருந்தது. டீ குடிக்கப் போகவேண்டும் என்றிருந்தது. "மூணடி இருக்கா சேட்டா?" என்று அவள் மேலிருந்து கேட்டாள். தலையாட்டினேன்.

என் வீடு எட்டாம் வார்டு. அது சிவப்பு. எனக்குப் படகு வரும்.

வெட்டினால் போட்டோ எடுக்க ஆள் வேண்டும் என்று ஷீபா என்னைத்தான் அழைத்தாள். போனை நீட்டிப் பிடித்திருக்கிறேன். மணி ஐந்து நாற்பது. இன்னும் ஒரு மணி நேரத்தில் நீர் திரும்பும். ரோஸிலி வீட்டில் மீன் பொரியும் வாசனை.

ஷீபா மண்வெட்டியை ஓங்கியபடி திரும்பிப் பார்க்கிறாள்.

"சொல்லுங்க சேட்டா. வெட்டவா?"

இந்த முறை தலையாட்டவும் எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் கேட்டது உங்கள் காதிலும் விழுந்தது. சீக்கிரம் சொல்லுங்கள்.