பேஸ்ட் போடாத ஹெட்

என் அண்ணனுக்குத் தெருவில் வைத்திருக்கும் பெயர் பேஸ்ட்காரர். சும்மா வைக்கவில்லை. குழாய் ஒழுகினால் பேஸ்ட், வாளி ஒழுகினால் பேஸ்ட், ஒருமுறை என் செருப்பு பிய்ந்ததற்கும் அதே சிலிக்கான் பேஸ்ட்தான். செருப்பு நன்றாகவே உழைத்தது, அதை மறைப்பானேன்? ஆனால் என் பள்ளி வேன் செருப்பு இல்லையே!

ஐந்தே மாதத்தில் இரண்டு முறை ஹெட் கேஸ்கெட் போனது. இன்ஜினுக்கும் அதன்மேல் உட்காரும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் வைக்கிற மெல்லிய தகடு அது. இரண்டு முறையும் மாற்றியது அண்ணன்தான், இருபுறமும் பேஸ்டைத் தாராளமாகப் பூசி. மூன்றாவது முறை, பள்ளிக்கூடத்து மேட்டில் பதினொரு பிள்ளைகளோடு ஆவி கக்கிக்கொண்டு நின்றேன். பள்ளியில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள்: திங்கட்கிழமை மறுபடி நின்றால், செவ்வாய் முதல் வேறு வேன். ஒன்பது வருஷமாக அந்த மேட்டை ஏறுகிறவள் நான். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

சனிக்கிழமை அண்ணனின் மெக்கானிக் பட்டறையில் ஹெட்டைக் கழற்றினார்கள். அங்கே அண்ணனும் அண்ணியும் மட்டும்தான். கல்யாணமான புதிதில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்க வந்த அண்ணி, இன்று முழு இன்ஜினையே பிரித்துப் பூட்டுவாள். நாத்தனார் நானே சொல்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் போகிற துவாரத்தில் இடுக்கியை விட்டு ரப்பர் மாதிரி எதையோ இழுத்தாள். காய்ந்த பேஸ்ட். அப்புறம் இன்னொன்று, இன்னொன்று. எல்லாவற்றையும் அண்ணன் முன்னால் செய்தித்தாளில் அடுக்கினாள்.

"ஏங்க, இறுக்கும்போது பேஸ்ட் உள்ள பிதுங்கி தண்ணி போற வழியை அடைச்சிருக்கு, அதான் இன்ஜின் கொதிக்குது. கேஸ்கெட்லயே பூச்சு இருக்கு. எதுவும் தடவாம அப்படியே வைக்கணும். வண்டி புத்தகத்துலயும் அதான் போட்டிருக்கு."

"பதினெட்டு வருஷமா தடவுறேன். புத்தகம் எழுதினவனா வந்து ஸ்பானர் பிடிக்கப் போறான்? இந்தத் தடவை இன்னும் கெட்டியாப் போட்டா சரியாயிடும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போதும் சாமி! வேன் என்னுது. அண்ணி போடட்டும்."

அண்ணன் முகம் சுண்டிப்போனது. பேஸ்ட் டியூபை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான். "நாத்தனாரும் அண்ணியும் ஒண்ணு சேர்ந்துட்டீங்க. நல்லா இருங்க" என்று கிளம்பிப் போய்விட்டான்.

அண்ணி இரண்டு பரப்பையும் பழைய பேஸ்ட் துளி இல்லாமல் துடைத்தெடுத்தாள். நேர்கோல் வைத்து வளைவு இருக்கிறதா என்று பார்த்தாள். போல்ட் துவாரங்களில் தேங்கியிருந்த எண்ணெயை ஒற்றி எடுத்தாள். புது கேஸ்கெட்டை ஓரத்தில் பிடித்து, விரல் படாமல் வைத்தாள். புது போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, ஒரே மூச்சில் இல்லாமல் மூன்று சுற்றாக, அளவு காட்டும் ரெஞ்சால் இறுக்கினாள். பக்கத்தில் டார்ச் பிடித்த எனக்கே கர்வம் தாங்கவில்லை. எங்கள் வீட்டு மருமகளாக்கும்!

"பயமா இல்லையா அண்ணி?"

"இருக்கு. உன் ஓட்டம் போனா என்னால போன மாதிரி. பட்டறைப் பேரு வேற அவருது."

திங்கட்கிழமை அண்ணி என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். நான் நின்றால் பிள்ளைகளை ஏற்றிக்கொள்ள அந்த வேறு வேன் பின்னாலேயே வந்தது. மேட்டில் இரண்டாவது கியர். ஒரு கண் ரோட்டில், ஒரு கண் டெம்பரேச்சர் முள்ளில். வழக்கமாக முள் எகிறுகிற வளைவு வந்தது. அண்ணி என் தோளை இறுக்கிப் பிடித்தாள். முள் பாதியைத் தாண்டவே இல்லை. பள்ளி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

வாசலில் அண்ணன் நின்றிருந்தான், இரண்டு கையிலும் தண்ணீர் கேன். குத்திக்காட்ட வந்திருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வேன் நின்றதும் நேரே இன்ஜின் பக்கம் ஓடி வந்தான். கேன்களை இறக்கி வைத்துவிட்டு பானெட்டைத் திறந்தான். குனிந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்தான். எங்கும் ஒரு சொட்டுக் கசிவு இல்லை.

பின்னால் வந்த வேன்காரர் இறங்கி வந்தார். "பிரமாதம் மெக்கானிக்! அப்படி என்ன பேஸ்ட் போட்டீங்க?"

அண்ணன் கை சட்டைப்பைக்குப் போனது. எங்கே எல்லாம் தன் கைவேலை என்று அளந்துவிடுவானோ என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணும் போடலைங்க" என்றான், பள்ளிக்கூடத்துக்கே கேட்கிற மாதிரி. "நான் போடணும்னுதான் நின்னேன். இவங்க விடலை. வேலை முழுக்க இவங்களுது. என் பொண்டாட்டி."

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். நான் ஹாரனை நீளமாக அடித்தேன்.