இரண்டு பாஸ்கா

பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் திருத்தொண்டர் யுகுந்துஸ் மெழுகுப் பலகையும் எழுத்தாணியுமாக மாடியேறி வந்தபோது, சோசிமேயின் வீட்டில் மீன் பொரித்த வாசனை இன்னும் போகவில்லை. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

சோசிமே ஸ்மிர்னாக்காரி. ரோமாபுரியில், டைபர் ஆற்றுக்கு அக்கரையில், கம்பளிக்குச் சாயம் போட்டுப் பிழைப்பவள். ஸ்மிர்னா இருக்கும் ஆசியா மாகாணத்திலிருந்து வந்து குடியேறிய கிறிஸ்தவர்கள் இருபது பேர் அவள் வீட்டில்தான் கூடி ஜெபிப்பார்கள். அவர்களுக்கு வசந்தப் பௌர்ணமிதான் பாஸ்கா, கர்த்தர் சிலுவையில் மரித்து உயிர்த்ததை நினைக்கும் திருநாள். அது புதனோ வியாழனோ, அன்றைக்கே நோன்பை முடித்துச் சாப்பிட்டுவிடுவார்கள். ரோமாபுரிக்காரர்களோ அதற்கடுத்த ஞாயிறு விடியும்வரை வாயைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். முப்பது வருடமாக இவர்கள் சாப்பிட, அவர்கள் பட்டினி கிடக்க, ஒருவரையொருவர் கேலி பேசிக்கொண்டு ஒரே கர்த்தரைக் கும்பிட்டு வந்தார்கள். யாருக்கும் எதுவும் குறைந்துவிடவில்லை. இப்போதுதான் எல்லாச் சபைக்கும் ஒரே நாள் வேண்டும் என்ற பேச்சு கிளம்பியிருந்தது. பேச்சு கிளம்பினால் அதைத் தூக்கிக்கொண்டு ஓட நாலு பேர் இருப்பார்கள் அல்லவா, அதில் முதல் ஆள் யுகுந்துஸ்.

"நல்ல சேதி, சகோதரி," என்றார். நோன்பில் கண் உள்ளே போயிருந்தது. "சார்டினியாத் தீவுச் சுரங்கத்துல கிடக்குற நம்ம ஆளுங்களை விடுவிக்க அரண்மனையில ஒரு சீமாட்டி மனசு வச்சிருக்காங்க. பேரு கேட்டிருக்காங்க. நான்தான் எழுதுறேன்."

சோசிமே கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் கணவன் கிளைக்கோனைக் கிறிஸ்தவன் என்பதற்காக அந்த ஈயச் சுரங்கத்துக்கு அனுப்பி நாலு வருடம் ஆகிறது.

"கிளைக்கோன். ஊரு ஸ்மிர்னா. எழுதுங்க ஐயா, எழுதுங்க!"

எழுத்தாணி அசையவில்லை. அவர் பார்வை கரியடுப்போரம் கிடந்த மீன் முள்ளில் நின்றது. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். யுகுந்துசுக்கு முதலில் பறந்தது இரக்கம்.

"நேத்தே சாப்பிட்டாச்சு போல."

"பாஸ்காவாச்சே. சாப்பிட்டோம்."

"நாங்க சிலுவையை நெனச்சு வயிறு காயுறோம், உங்களுக்கு மீன் கேக்குது. சகோதரி, இது சபையோட பட்டியல். சபையோட ஒத்துப்போறவங்க பேருதான் இதுல ஏறும். இனிமே ஞாயித்துக்கிழமைதான் பாஸ்கான்னு சாட்சி வச்சுச் சொல்லுங்க, எழுதுறேன். இந்த வருசமும் இன்னிலேருந்து மறுபடி நோன்பு பிடிச்சு ஞாயிறுவரைக்கும் இருக்கணும்."

"இது ஆயர் சொன்னதா?"

"ஆயர் மனசு எனக்குத் தெரியாதா?"

சோசிமேக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஏறாதா பின்னே!

"என் புருசனைப் பிடிச்ச அன்னிக்கு நீதிபதி ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். 'நீ கிறிஸ்தவனா?'ன்னு. ஆமான்னாரு. எந்தக் கிழமை சாப்பிடுவேன்னு அவன் கேக்கலய்யா! கீழ்வீட்டு விபியாவோட புருசன் பொல்லியோ உங்க ரோமாபுரி ஆளுதானே? அவரையும் இவரையும் ஒரே சங்கிலியில கட்டித்தான் இழுத்துட்டுப் போனாங்க. நாம எல்லாரும் ஒண்ணுதான்னு சங்கிலி போட்டவனுக்குத் தெரிஞ்சுது. உங்களுக்குத் தெரியல."

"கத்தாதீங்க. நாளை மறுநாள் பட்டியல் போயிடும்," என்று சொல்லிவிட்டு, படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கிப் போனார்.

அன்று மாலை ஆசியாக்காரர்கள் கூடினார்கள். அவர்களின் மூப்பர் மெத்ரோதோர் சோசிமேயின் கூடப்பிறந்த தம்பி. அவனாவது தன் பக்கம் நிற்பான் என்று நினைத்தாள்.

"ஒப்புக்கவே கூடாது அக்கா," என்றான் அவன். "கர்த்தரோட கூடவே இருந்த அப்போஸ்தலருங்க கல்லறையே நம்ம மண்ணுல இருக்கு. அவங்க கொண்டாடின நாளு இது. நேத்து முளைச்சவங்க வந்து நமக்குச் சொல்லித்தர்றதா? மாமா இங்க இருந்தா, மாட்டேன்னுதான் சொல்லுவாரு."

"இங்க இருந்தா! இங்க இல்லையேடா, அதுதானே வழக்கு! மண்ணுக்குள்ள கிடந்து இருமுறது நீயா, அவரா?"

"விசுவாசத்துக்காகக் கொஞ்சம் தாங்கித்தான் ஆகணும்."

"நீ பெரிய வீரன்தான் தம்பி. அடுத்தவன் முதுகுல அடி விழுறவரைக்கும்."

யாரும் அவளுக்காகப் பேசவில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. பாஸ்கா நாளைக் காட்டி யுகுந்துஸ் மிரட்டுகிறான், அதே நாளைக் காட்டித் தம்பியும் மிரட்டுகிறான். நடுவில் மனிதன் கிடக்கிறான், அவனைப் பற்றி ஒருத்தருக்கும் கவலை இல்லை. இரண்டு பேரையும் ஒன்றாக நிறுத்திச் செவிட்டில் அறைய வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

மறுநாள் காலையில் கீழ்வீட்டு விபியாவைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு யுகுந்துசிடம் போனாள்.

"வருசா வருசம் உன் மீன் வாசனையைத் திட்டிக்கிட்டே மோந்து பாத்தவ நான்," என்று வழியெல்லாம் அழுதாள் விபியா. "இப்படி ஒரு சாட்சி சொல்ல வாய் கூசுதே அக்கா."

"கூசட்டும். சொல்லு. உன் ஆளு வரும்போது என் ஆளும் வரணும்."

சொன்னார்கள். கிளைக்கோனின் பெயரை யுகுந்துஸ் நிதானமாக, அழகான எழுத்தில் எழுதினார். சோசிமே ஞாயிறுவரை பச்சைத் தண்ணீரோடு கிடந்தாள். அந்த ஞாயிறோடு அவள் வீட்டுக் கூட்டமும் முடிந்தது. திருவிருந்துக் கிண்ணத்தையும் மேசைத் துணியையும் எடுத்துப் போக வந்த மெத்ரோதோர் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஓஸ்டியாத் துறைமுகத்தில் தானியக் கப்பல் ஒன்றில் விடுதலையானவர்கள் வந்து இறங்கினார்கள். வரவேற்க யுகுந்துஸ் வெள்ளை உடுத்தி முன்னால் நின்றார். பதினொரு பேர் இறங்கினார்கள். பொல்லியோ இறங்கினார், எலும்பும் தோலுமாக. விபியா ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டாள். அவருக்குப் பின்னால் யாரும் இறங்கவில்லை. சோசிமே பலகைப்படியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பொல்லியோ அவளிடம் வந்தார். "அக்கா, அவரு போய் ரெண்டு குளிர்காலம் ஆச்சு. நெஞ்சு அடைச்சுக்கிச்சு. என் மடியிலதான்."

இரண்டு குளிர்காலம். இவள் சாட்சி சொன்னபோது, நோன்பிருந்தபோது, இருபது பேரையும் தம்பியையும் இழந்தபோது, அவர் மண்ணுக்குள் இருந்திருக்கிறார்.

"அங்கயும் பாஸ்கா உண்டா?" என்று கேட்டாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

"உண்டே. முதல் வருசம் நாளுக்காக ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டோம், காவலாளி வந்து விலக்கிவிட்டான்." பொல்லியோ சிரிக்கப் பார்த்து இருமினார். "அப்புறம் பழகிப்போச்சு. அவரு நாள்ல எனக்கு நோன்பு, என் ரொட்டியை அவருக்குக் கொடுத்துடுவேன். அவரு அதைத் தின்னுட்டு, தன் ரொட்டியை எனக்காக ஞாயித்துக்கிழமைவரை துணியில முடிஞ்சு வச்சிருப்பாரு. அன்னிக்கு எனக்கு வயிறு நெறையும்."

யுகுந்துஸ் நெருங்கி வந்து கனிந்த குரலில், "அழாதீங்க சகோதரி. சபையோட ஒத்துமையிலதான் செத்திருக்காரு. அது போதும்," என்றார்.

சோசிமே அழவில்லை. எரித்துவிடுவது போல அவரைப் பார்த்தாள்.

"உங்களோட ஒத்துமையிலயா?" என்றாள். பொல்லியோவின் மெலிந்த கையைப் பிடித்து, கூட்டம் முழுவதும் பார்க்கும்படி உயர்த்தினாள். "இல்லய்யா. இவரோட."