வலிக்காத மவுஸ்

ஆபீசில் எனக்குப் பட்டப்பெயர் கஞ்சப்பிசினாறி. முதுகுக்குப் பின்னால்தான், நேரில் மேடம். கம்ப்யூட்டர் சாமான் எது வாங்குவதென்றாலும் என்னைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும், அந்த வயிற்றெரிச்சல் அவர்களுக்கு. மேனேஜருக்கு விதவிதமாக விளக்கெரிகிற கீபோர்டின் மேல் ஒரு கண். கணக்கு எழுதுகிற இடத்தில் சர்க்கஸ் கூடாரம் மாதிரி விளக்கு எதற்கு என்று கேட்டுவிட்டேன். மனுஷன் ஒரு வாரம் எனக்கு முகம் கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டால் போகட்டும், அந்த முகத்தை வைத்து நான் என்ன செய்யப் போகிறேன்?

வாங்குவதில் எனக்கென்று சில பிடிவாதங்கள் உண்டு. பழைய கம்ப்யூட்டர் ஊர்கிறது என்று தூக்கிப் போடாதே, ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போடு, ஓடும். மானிட்டரைச் செகண்ட் ஹாண்டில் தைரியமாக வாங்கலாம். பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது, அது போனால் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். கீபோர்டும் மவுஸும் வயர் வைத்ததுதான். விலை குறைவு, பேட்டரிச் செலவு இல்லை, எவனும் பைக்குள் போட்டுக்கொண்டு நழுவவும் முடியாது.

வீட்டுக்கு வாங்கும்போது இந்தப் பிடிவாதம் ஒன்றும் செல்லாது. வீட்டில் வயர்லெஸ்தான். ஒரு நாள் மவுஸ் வயரை என் கழுத்தில் சுற்றி இழுத்தான் என் வீட்டுக்காரன். கண் இருட்டி, காதுக்குள் இரைச்சல் கேட்டு, போய்விட்டேன் என்றே நினைத்தேன். மறுநாளே கூடுதல் விலை கொடுத்து வயரில்லாத மவுஸ் வாங்கினேன். கீபோர்டும் கடையில் இருப்பதிலேயே லேசானதாகப் பார்த்து வாங்குவேன். இரும்புத் தகடு வைத்த ஒன்றை ஆசைப்பட்டு வாங்கிவிட்டுப் புருவத்தில் தையல் போட்டுக்கொண்டவள் நான். மானிட்டரைச் சுவரோடு திருகியாயிற்று. சிபியுவை மேசைக்கடியில் பட்டை வைத்து முடுக்கியாயிற்று. ஸ்பீக்கர் என்ற பேச்சே கிடையாது.

அவன் வேலைக்குப் போவதில்லை. பகலெல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில் ஷேர் வாங்குவான், விற்பான். ஏறினால் அன்றைக்கு ராஜா. இறங்கினால் கையில் அகப்பட்டது பறக்கும், அது தீர்ந்தால் நான். வெளியில் பார்த்தால் பரம சாது, பால் போடுபவரிடம்கூட வாங்க போங்கதான். ஏன் பொறுத்துக்கொண்டிருந்தாய் என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். கேட்பது சுலபம். எனக்கு இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள் இருக்கிறாள். வாலு என்று கூப்பிடுவோம், பேருக்குத்தான் வாலு, வாயைத் திறக்க மாட்டாள். அவன் என்னைத்தான் அடிப்பான், அவள் மேல் விரல் பட்டதில்லை. என் மேல் விழுகிறவரை அவள் மேல் விழாது என்று நான் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அந்தத் தைரியத்தில்தான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

போன மாதம் ஒரு நாள் மார்க்கெட் சறுக்கியது. நான் ஆபீசிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, மவுஸ் என் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் சிதறியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயத்தில் சில சமயம் அப்படி வரும். என்ன இளிப்பு என்று வயிற்றில் உதைத்தான். விழுந்தவளை முடியைப் பிடித்துத் தூக்கி, சிதறின துண்டுகளை என்னையே பொறுக்க வைத்தான். நாளைக்கு மார்க்கெட் திறக்கும்போது மேசையில் புது மவுஸ் இருக்க வேண்டும் என்றான். ஒரு பிள்ளை அடுத்த அறையில் இருக்கிறது என்றே தெரியாது, அவ்வளவு அமைதி.

மறுநாள் காலை ஆபீசுக்குத் தாமதமாக வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வாலுவைப் பள்ளியில் விடும் வழியில் கடைக்குப் போனேன். ஆபீசுக்கும் அங்கேதான் வாங்குவது. கடைக்கார அக்கா பேச்சுக்காரி. ஆபீசுக்கு வயர், வீட்டுக்கு வயர்லெஸ், ஊரான் காசு என்றால் சிக்கனம், சொந்தக் காசு என்றால் தாராளம், உன்னை மாதிரி ஆளை நான் பார்த்ததில்லை என்று எப்போதும் கிண்டல் செய்வார். அன்றும் அதையே சொல்லிக்கொண்டு மவுஸ்களை எடுத்து மேசையில் பரப்பினார். நான் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டக் என்று சத்தம் கேட்டது. திரும்பினால், வாலு ஒரு மவுஸை எடுத்துத் தன் நெற்றிப்பொட்டில் தட்டிப் பார்க்கிறாள். முகம் சுளித்துக் கீழே வைத்தாள். அடுத்ததை எடுத்தாள், டக். அதையும் வைத்தாள். காய்கறி பொறுக்குவது போல அவ்வளவு நிதானம். மூன்றாவதைத் தட்டிவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"அம்மா, இத வாங்கலாம். இது அவ்வளவா வலிக்கல."

அவளை இழுத்துக் காதுக்கு மேல் முடியை விலக்கிப் பார்த்தேன். பொருக்குத் தட்டிய காயம், புளியங்கொட்டை அளவுக்கு. தினமும் நான்தான் தலை வாரிவிடுகிறேன். இரண்டு நாளாகத் தானே வாரிக்கொள்கிறேன் என்று அடம்பிடித்தாள், பிள்ளை வளர்ந்துவிட்டது என்று பெருமைப்பட்டேன். பெருமை! என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"எப்படா ஆச்சு?"

"நீ ஆபீஸ்ல இருந்தப்ப. நான் டிவி முன்னாடி நின்னுட்டேன். மவுஸ எறிஞ்சாரு."

"ஏன்டா அம்மாகிட்ட சொல்லல?"

"சொன்னா உனக்கு விழும்னு அப்பா சொன்னாரு."

ஆக, என்னைக் காப்பாற்ற அவள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். கடைக்கார அக்கா என் கையைப் பிடித்து, போலீசுக்குப் போவோம், நானும் வருகிறேன் என்றார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள், இதோ வந்துவிடுகிறேன் என்று உதறிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. அவனைக் கொல்ல வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான்.

மேசை முன்னால் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வாங்கிவிட்டாயா என்று திரும்பாமலே கேட்டான். கல்யாணமானதிலிருந்து அவனை நீங்க என்றே பேசிய வாய் என்னுடையது.

"நீ புள்ளைய அடிச்சியா?"

நீ என்றதும்தான் திரும்பினான். "என் புள்ள, அடிப்பேன். ஒனக்கென்ன?" என்றான்.

எழுந்து வந்தவன் என் தலையைப் பிடித்துக் கதவு நிலையில் மோதினான். மூக்கு உடைந்து ரத்தம் வாய்க்குள் இறங்கியது. மறுபடி மோதினான். நான் கைக்கு எட்டிய கீபோர்டை எடுத்து அவன் மண்டையில் ஓங்கி அடித்தேன். அது பிஸ்கட் மாதிரி இரண்டாக ஒடிந்து, எழுத்துகள் தரையெல்லாம் உருண்டன. அவனுக்குச் சிரிப்பு. மானிட்டரைப் பிடுங்கினேன், அசையவில்லை. சிபியுவை இழுத்தேன், அசையவில்லை. தேடித் தேடி லேசாக வாங்கியது நான், இறுக்கி இறுக்கி முடுக்கியதும் நான். அந்த வீட்டில் அடிப்பதற்கென்று ஒரு சாமான்கூட நான் விட்டு வைக்கவில்லை.

கீழே தள்ளி இடுப்பில் மிதித்தான். மேசைக்கடியில் உருண்டபோது யுபிஎஸ் தலையில் இடித்தது. செங்கல் அளவு பெட்டி, உள்ளே பேட்டரி, தூக்கினால் கை இறங்கும். இதை யார் எடுத்து எறியப் போகிறார்கள் என்று அதை மட்டும் சும்மா வைத்திருந்தேன். வயரோடு பிய்த்தெடுத்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே சுழற்றி அவன் முழங்காலில் விட்டேன். எலும்பு விட்ட சத்தம் தெளிவாகக் கேட்டது. ஆள் மரம் மாதிரி சாய்ந்தான். தரையில் ஊன்றியிருந்த வலது கை மேல் இரண்டாவது அடியை இறக்கினேன். அவன் கத்தினான். எனக்கு நன்றாக இருந்தது. பொய் சொல்வானேன், வயிறு குளிர்ந்தது.

மூன்றாவது அடிக்கு அவன் தலைக்கு நேராகத் தூக்கினேன். "வேணாம், வேணாம்" என்று முகத்தை மறைத்துக்கொண்டான். கரண்ட் போய்விட்டதென்று யுபிஎஸ் நினைத்துக்கொண்டதோ என்னவோ, என் தலைக்கு மேலே கீங் கீங் என்று கத்த ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில்தான் எனக்குச் சுயநினைவு வந்தது. அதை மெதுவாகக் கீழே வைத்தேன். வாலுவின் துணிகளை ஒரு பையில் திணித்துக்கொண்டு, வெளியே வந்து கதவைப் பூட்டினேன்.

கடை வரைக்கும் எப்படி நடந்தேன் என்று தெரியாது, எதிரில் வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். அக்கா என்னைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். வீட்டில் ஒருத்தன் கால் உடைந்து கிடக்கிறான், ஆம்புலன்ஸையும் போலீசையும் கூப்பிடுங்கள், நான் இங்கேயே இருக்கிறேன் என்று சாவியை மேசை மேல் வைத்தேன். அவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

வாலு மேசைக்கு அந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். கைகளில் இருந்தது என் ரத்தமா அவன் ரத்தமா, எனக்கே தெரியாது. பிறகு அவள் மேசை மேலிருந்த ஸ்குரூடிரைவரை எடுத்துத் தன் பக்கம் வைத்தாள். ஸ்டேப்ளரை நகர்த்தினாள். பூட்டுச் சாவியை, மவுஸ்களை, ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல், எனக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளினாள்.

புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும், அவன் மோதியபோதுகூட வலிக்காத வலி வலித்தது. நாற்காலியை விட்டிறங்கித் தரையில் உட்கார்ந்தேன்.

"அம்மா உன்ன அடிக்க மாட்டேன்டா தங்கம்."

"அப்பாவும் அப்படித்தான் சொன்னாரு," என்றாள் வாலு.

போலீஸ் வருகிற வரைக்கும் இரண்டு கைகளையும் அவளுக்குத் தெரிகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.