மேஸ்திரியின் குரல்

நாற்பத்தொரு நாளாக முனியப்பன் ஜன்னலைச் சாத்த விடவில்லை.

பொம்மனஹள்ளியில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த தோப்பை வெட்டி, சுற்றிலும் நீலத் தகரம் அடித்து, அடுக்குமாடிக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். கட்டிலில் படுத்தபடி பார்த்தால் தகரமும் அதற்கு மேல் ஒரு கை அகல வானமும்தான் தெரியும். சிவப்புப் புழுதி உள்ளே வந்து போர்வையில் படிந்தது. கோலார் சுரங்கம் தின்று மீதி வைத்த நுரையீரல் அவருடையது. கிருஷ்ணகிரிக்கு வந்துவிடச் சொல்லி மகன் பிரசன்னா தினமும் போன் செய்தான்.

"மேஸ்திரி இங்க இருக்கற வரைக்கும் நானும் இருப்பேன்டா" என்பார்.

மேஸ்திரி என்பது தோப்பில் கூடு கட்டியிருந்த வல்லூறு. முதல் ஷிப்டுக்கு ஆள் சேர்க்க வந்ததுபோல் விடிந்ததும் "கிட்-டீ, கிட்-டீ" என்று அதட்டும். ஏதோ பருந்து என்றுதான் அவர் நினைத்திருந்தார். விலங்கியல் படித்த மகள் யாமினி, மாடியில் துணி உலர்த்தும்போது போனில் படம் பிடித்து வந்து காட்டினாள். சிவந்த கண், தொண்டை நடுவில் ஒற்றைக் கோடு, ஆண். யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள் அன்று அரைமணி நேரம் பேசினாள். அந்தக் குரலை அவருக்குப் பழக்கியதும் அவள்தான். பிறகு அவர் காதால் கேட்டுச் சொல்வார், அவள் மேலே போய்க் கண்ணால் பார்த்து வருவாள்.

மரங்கள் விழுந்த மறுநாளும் அந்தக் குரல் கேட்டது. யாமினி படியேறி ஓடினாள். மின்கம்பியில் உட்கார்ந்திருந்ததை வெகுநேரம் பார்த்தாள். கீழே வந்து, "இருக்குதுப்பா" என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து இந்த நாற்பத்தொரு நாளும் அதையே சொன்னாள். மாடியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அந்தக் குரலைச் சுற்றிப் புங்கமரங்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. கண்ணைத் திறக்க அவளுக்கு மனம் வராது.

இன்று காலை அப்பா இருமி முடித்ததும் துண்டை வாங்கிப் பார்த்தாள். சிவப்பு. புழுதியின் சிவப்பு இல்லை.

"கேட்டியா? டூட்டிக்கு வந்துட்டாரு. போய்ப் பாரேன், பொண்டாட்டியக் கூட்டியாந்திருக்காரான்னு."

அவள் போகவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஜன்னல் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா."

"இன்னாம்மா?"

"அண்ணன் வீட்டுக்குப் போலாம்ப்பா."

"மேஸ்திரிய உட்டுட்டா?"



"அது கரிச்சான் குருவிப்பா. மத்த குருவிங்கள வெரட்டறதுக்கு வல்லூறு மாதிரியே கத்தும். மரம் வெட்டின அன்னிக்கே மேஸ்திரி போயிட்டாரு."

வெளியே அது மறுபடி கூப்பிட்டது, அச்சு அசலாக. முனியப்பனின் தலை, பழக்கத்தில், அந்தப் பக்கம் திரும்பியது.