லவால் சபையாருக்கு வந்த இரண்டாம் கடிதம்

கோவில் குருவானவர் வினோஜன் சுவாமி மன்னாருக்குப் போகும்போது தன் சபை மக்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினார். தகப்பனுக்குச் சுகமில்லை, திரும்பி வர மாதங்கள் ஆகலாம். "பவுலடியார் தான் தொடக்கின சபைகளைத் தூரத்தில இருந்து கடிதம் எழுதித்தான் வளர்த்தவர். நானும் எழுதிப் பாக்கிறன்" என்று பீடத்தில் நின்று அவர் சொன்னபோது எல்லோரும் நெகிழ்ந்துபோனார்கள். பவுலடியார் அந்தக் கடிதங்களில் பெரும்பாலும் ஏச்சுத்தான் எழுதினார் என்பது அப்போது யாருக்கும் நினைவில் இல்லை.

கடல் கடந்த லவால் நகரத்தில், பிரெஞ்சுக்காரரின் பழைய கோவில் ஒன்றை ஞாயிறு மதியத்துக்கு மட்டும் இரவல் வாங்கிப் பூசை வைக்கும் தமிழர் அவர்கள். சுவாமி இல்லாத காலத்தில் வெளியூர்க் குருவானவர் ஒருவர் வந்து போனார். பூசை முடிவில் சுவாமியின் கடிதத்தை வாசிக்கும் வேலை றொஷினிக்குக் கிடைத்தது. கோவிலில் முப்பது வயதுக்குக் கீழே தமிழைத் தடக்காமல் வாசிக்கக்கூடியவள் அவள் ஒருத்திதான். வாரநாட்களில் அவள் ஒரு கார்தெரியில், பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில், சின்னப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டி, சண்டை தீர்த்து, மூக்குத் துடைத்துவிடுகிறவள். ஞாயிற்றுக்கிழமை வேலையும் பெரிதாக வேறுபடவில்லை என்று தாயிடம் சொல்லிச் சிரிப்பாள்.

முதல் கடிதம் பாட்டைப் பற்றியது. கோவிலில் இரண்டு பாடகர் குழு. ஒன்று, தூரத்துப் புறநகரான கர்க்லாண்டிலிருந்து காரில் வருகிற ஆட்களுடையது, மற்றது லவால்காரருடையது. 'சிலர் மற்றவர் குரல் கேட்காதபடி பாடுகிறார்கள்' என்று சுவாமி பெயர் குறிப்பிடாமல் எழுதியிருந்தார். வாசித்து முடித்ததும் இரண்டு குழுவும் மனம் நிறைந்து கைதட்டின. அடுத்த ஞாயிறு இரண்டும் முன்னைவிடச் சத்தமாகப் பாடின. ஏச்சு வாங்கியது மற்றக் குழுதானே.

இரண்டாம் கடிதத்துக்குக் காரணம் றொஷினியேதான். சுவாமியோடு தொலைபேசியில் கதைத்தபோது அவள் பொறுக்கமாட்டாமல் சொல்லிவிட்டாள். பூசைக்குப் பிறகு கீழ் மண்டபத்தில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது வழக்கம். காரில் வருகிற குடும்பங்கள் முதலில் இறங்கிப்போய்ச் சாப்பிட்டு, அலுமினியத் தாளில் பார்சலும் கட்டிவிடுவார்கள். டவுன்டவுன் உணவகங்களில் இரவு வேலை முடித்து, மெட்ரோவும் பஸ்ஸும் மாறி வருகிறவர்களுக்கு வெறும் சோறும் பருப்பும்தான் மிஞ்சும். அப்படி மிஞ்சியதைச் சாப்பிடுகிறவர்களில் ஒருவன் டனிஸ்ரன்.

டனிஸ்ரனைத்தான் அவள் கட்ட விரும்பினாள். அப்பா ஓம் என்று சொல்லாமல் கட்டமாட்டேன் என்று அவனிடம் சொல்லியும் வைத்திருந்தாள். தாயிடமும் மகளிடமும் அப்பா சொன்னது வேறு. "சாப்பாட்டுக்கடைக் குசினியில இரவு வேலை செய்யிறவனுக்கோ என்ர பிள்ளை? அந்தக் கதையை இனி எடுக்காதேங்கோ." மன்னாரில் டனிஸ்ரனின் தாய் அவனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கிவிட்டார். இந்த ஞாயிறு அப்பாவிடம் நேரே கேட்டுவிடுவதாக அவன் சொல்லியிருந்தான். முன்பும் இப்படிச் சொன்னவன்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் அவன் மண்டபத்துக்குள் வரும் நேரம் அப்பாவின் கார் பெருந்தெருவில் ஏறியிருக்கும்.

அப்பா வலன்ரைன் கோவில் செயற்குழுத் தலைவர். எதையும் அவர் பார்த்த பிறகுதான் சபை கேட்கலாம். சனிக்கிழமை மத்தியானம், கர்க்லாண்ட் வீட்டின் சாப்பாட்டு மேசையில் இருந்து கடிதத்தை வாசித்தார். 'சிலர் முந்திச் சாப்பிட்டு வயிறு புடைக்கிறார்கள், சிலர் பசியோடு போகிறார்கள். இதே குற்றத்துக்குத்தான் கொரிந்து நகரத்துக்கும் அந்தக் காலத்தில் கடிதம் போனது' என்று எழுதியிருந்தது.

"அச்சொட்டு," என்றார் வலன்ரைன். "லவால் பக்கத்து நீக்கிலாப்பிள்ளை அண்ணையைப் படம் பிடிச்ச மாதிரி எழுதியிருக்கிறார். கோவிலுக்குப் பக்கத்து வீடு, நடந்து வாற மனுசன், சோத்துக் கோப்பையோட முதல் ஆளா நிப்பார்."

"அப்பா, பேர் ஒண்டும் போடேல்லையே."

"என்னத்துக்குப் போடவேணும்? வாசிக்கத் தெரிஞ்சவனுக்கு விளங்கும்."

அம்மா றோசா நுண்ணலை அடுப்பிலிருந்து ஆட்டிறைச்சிக் கறியை எடுத்து வைத்தார். போன ஞாயிறு மண்டபத்தில் கட்டி, உறைபெட்டியில் வைத்திருந்த பார்சல். வலன்ரைன் அதை ரசித்துச் சாப்பிட்டபடியே மறுபடியும் வாசித்தார். றொஷினி தாயைப் பார்த்தாள். தாய் கறியைப் பார்த்தார்.

"இதை வெறுமனே வாசிச்சு விட்டாக் காணாது, பிள்ளை," என்றார் அப்பா. "ஒரு சட்டம் போடவேணும். கடைசியா வாறவை முதல்ல சாப்பிடட்டும். முதல்ல வந்து நிக்கிறவை பரிமாறட்டும். நீக்கிலாப்பிள்ளை அண்ணை கையுறை போட்டுச் சோறு போடுறதை நான் பாக்கவேணும்."

ஞாயிறு றொஷினி வாசித்தாள். கோவில் முழுக்கத் தலைகள் மெதுவாகத் திரும்பின. கர்க்லாண்ட் பக்கம் லவால் பக்கத்தையும், லவால் பக்கம் கர்க்லாண்ட் பக்கத்தையும் இரக்கத்தோடு பார்த்தன. நீக்கிலாப்பிள்ளை கண்ணை மூடி, தலைவருக்காகச் செபிக்கிறவர் போல உட்கார்ந்திருந்தார். வலன்ரைன் எழுந்து சட்டத்தை அறிவித்தபோது அவர்தான் முதலில் கைதட்டினார்.

சட்டம் நடக்கிறதா என்று பார்க்க வேண்டுமே. அதற்காக வலன்ரைன் எல்லோருக்கும் முன்னதாக மண்டபத்துக்கு இறங்கினார். அவர் இறங்குகிறாரா என்று பார்க்க நீக்கிலாப்பிள்ளை கூடவே இறங்கினார். முதலில் வந்து நின்றவர்கள் அவர்கள் இருவரும்தான். இளைஞர் குழுப் பெண்ணொருத்தி சிரித்துக்கொண்டே இருவர் கையிலும் கையுறையைக் கொடுத்தாள். நீக்கிலாப்பிள்ளைக்குச் சோறு, வலன்ரைனுக்கு ஆட்டிறைச்சி.

கடைசியாக வந்தவன் டனிஸ்ரன். தலையில் பனி, கையில் தொப்பி, கண்ணில் நித்திரை. அவனை எல்லோரும் தள்ளித் தள்ளி வரிசையின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எதற்கென்று அவனுக்கு விளங்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் எதிரே கையுறையோடு வருங்கால மாமனார். றொஷினி சுவரோரம் நின்று எட்டிப் பார்த்தாள். மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை எல்லாம் அவன் மறந்துவிட்டான் என்பது அவன் முகத்திலேயே இருந்தது.

நீக்கிலாப்பிள்ளை சோற்றை மலையாக வைத்தார். வலன்ரைனின் அகப்பை சட்டிக்குள் போய், இறைச்சித் துண்டுகளை ஒதுக்கி, குழம்பை மட்டும் மொண்டுகொண்டு வந்தது.

"இறைச்சியைப் போடும், தம்பி," என்றார் நீக்கிலாப்பிள்ளை, மண்டபத்தின் கடைசி மேசைக்கும் கேட்கிற குரலில். "வீட்டுக்கு வரப்போற மருமகனுக்குக் குழம்பு மட்டும் விடுறது வடிவில்லை."

கர்க்லாண்டிலும் லவாலிலும் இந்தக் கதை தெரியாதவர் இல்லை. தெரியும் என்று காட்டிக்கொண்டவரும் இதுவரை இல்லை. அவன் மருமகன் இல்லை என்று வலன்ரைன் சொல்லலாம். சொன்னால், தலைவர் இறைச்சியை ஒதுக்கினதை நீக்கிலாப்பிள்ளை சபைக்கு முன்னால் பிடித்துவிட்டார் என்று ஆகிவிடும். அந்த ஒன்றை மட்டும் அவரால் தாங்க முடியாது.

"என்ர மருமகனுக்கு என்ன போடுறதெண்டு எனக்குத் தெரியும், அண்ணை," என்றார் வலன்ரைன். "நீங்கள் உங்கட சோத்தைப் பாருங்கோ."

சொன்னது வாயை விட்டுப் போன பிறகுதான் அவர் காதுக்கு வந்தது. அகப்பை அந்தரத்தில் நின்றது. றோசா எங்கிருந்தோ வந்து, "பிறகென்ன, சுவாமி திரும்பி வந்தவுடன நாள் பாப்பம்," என்று பக்கத்து மேசைப் பெண்களிடம் சொல்லத் தொடங்கிவிட்டார். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் இவ்வளவு விரைவாக எதையும் செய்து றொஷினி கண்டதில்லை.

"அங்கிள்," என்றான் டனிஸ்ரன், சோற்றுக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. "இண்டைக்கு உங்களோட ஒரு விசயம் கதைக்கத்தான் வந்தனான்."

"அதை நானே கதைச்சு முடிச்சிட்டன் போல கிடக்கு. தள்ளி நில்லும், பின்னால ஆக்கள் பசியோட நிக்கினம்."

வரிசை குறைந்ததும் அவர் கையுறையைக் கழற்றியபடி மகளை ஒதுக்குப்புறம் கூப்பிட்டார்.

"நான் கோவத்தில சொன்னது, பிள்ளை."

"தெரியும், அப்பா."

"பிறகு மாத்திச் சொல்லலாம்."

"சொல்லலாம். நீக்கிலாப்பிள்ளை அங்கிளிட்ட ஆர் போய்ச் சொல்லுறது?"

அப்பா மண்டபத்தின் மறுபக்கம் பார்த்தார். தலைவர் பின்வாங்குவதற்காகவே காத்திருப்பவர் போல, நீக்கிலாப்பிள்ளை கைகட்டிப் புன்னகையோடு நின்றார். அவருக்குப் பக்கத்தில் டனிஸ்ரன் தன் தட்டில் இருந்ததைப் பாதியாக்கி, தனக்கும் பின்னால் வந்து சேர்ந்த இன்னொரு உணவகப் பொடியனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். வலன்ரைன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வேறு வழி இல்லாத மனிதர்தான். ஆனாலும் டனிஸ்ரனிடம் போகிற வழியில் அவருடைய நடை கொஞ்சம் இளகியிருந்ததாக றொஷினிக்குப் பட்டது.

"தம்பி, உமக்கு எந்த நாள் லீவு?"

"திங்கள், அங்கிள்."

"அப்ப நாளைக்குப் பின்னேரம் வீட்ட வாரும். எங்கட பக்கம் பஸ் குறைவு. மெட்ரோவடியில நில்லும், நான் வந்து ஏத்துறன்."