மேரி தள்ளிவிட்ட ஒரு மணி நேரம்

ஜோதி மேரி இறந்த செய்தி, அவள் இறப்பதற்கு ஐம்பது நிமிடம் முன்பே சிதம்பரத்துக்கு வந்து சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் செய்திகள் அப்படித்தான் வரும். நான்கு வருடம் முன்பு பழைய சாமான் வியாபாரி சுப்பராயலு இரண்டு போர்க்காலச் சுவர்க்கடிகாரங்களை அவர்கள் தலையில் கட்டியிருந்தான். ஒன்று ஜெர்மன் படையுடையது, மற்றது சோவியத் படையுடையது. ஜெர்மானியர்கள் பிடித்த ஊரில் முதல் வேலையாக முள்ளை பெர்லின் நேரத்துக்குத் திருப்புவார்களாம். சோவியத் படை மீட்டதும் மாஸ்கோ நேரத்துக்குத் தள்ளுமாம். கோடையில் ஒரு மணி வித்தியாசம். "தள்ளுற அந்த ஒரு மணி நேரம் யாருக்குமே நடக்காம பூடும் மாமா" என்று விலையை ஏற்றுவதற்காகச் சொல்லிவைத்தான்.

ஜெர்மன் கடிகாரம் கடலூர் முதுநகரில் மேரியின் பாத்திரக் கடையில் தொங்கியது. சோவியத் கடிகாரம் அவள் கணவர் இருதயசாமி பார்க்கும் சிதம்பரம் கிளைக்குப் போனது. இரண்டையும் இந்திய நேரத்துக்குத்தான் வைத்தார்கள். மறுநாளே சிதம்பரம் ஒரு மணி நேரம் முந்திக்கொண்டது. முள் மட்டுமல்ல, நடப்பதும். கடலூரில் இன்னும் நடக்காதது அங்கே பழைய செய்தி. எந்தக் கிராக்கி எந்த விலைக்குப் படிவான் என்பது மேரிக்கு முன்கூட்டியே போனில் வந்துவிடும், வியாபாரம் அமோகம்.

அந்த மே மாதச் செவ்வாய்க்கிழமை, கடலூர்க் கடிகாரத்தில் பத்து நாற்பதுக்கு இருதயசாமி அழுதுகொண்டே கூப்பிட்டார்.

"பதினொன்னரைக்கு உனக்கு நெஞ்சடைச்சிடுச்சாம் மேரி. பக்கத்துக் கடை ரெபேக்கா போன் பண்ணுச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கறதுக்குள்ள உசுரு போயிடுச்சாம். எங்கனா ஓடிடு, பஸ் ஏறு!"

"எங்க ஓடறது? நெஞ்சும் கூடவேதான வரும்?"

குக்கர் மூடி கேட்டு வந்தவளுக்கு வாணலி மூடியை எடுத்துக் கொடுத்தாள். பதினொன்று இருபதுக்கு இடது கை கனத்தது. முதுகு வேர்வையில் ஒட்டியது. இருபத்தெட்டுக்கு அவள் ஸ்டூல்மேல் ஏறினாள். பெரிய முள்ளை உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. பல்லைக் கடித்து ஒரு முழுச் சுற்று தள்ளினாள். பன்னிரண்டு இருபத்தெட்டு. கையிலிருந்த வலி போயிற்று. வாசல் நிழல் ஒரு சாண் நகர்ந்திருந்தது. இப்போதுதான் வாங்கி வைத்த டீயில் ஆடை படிந்திருந்தது.

ஆனால் சிதம்பரம் தன் செய்தியைத் திரும்பப் பெறவில்லை. மூன்று மணிக்கு அவள் அண்ணன் டேவிட் ராஜ் சவப்பெட்டியோடு வேனில் வந்து இறங்கி, தங்கையைப் பார்த்துச் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"பொட்டிய கடைக்காரன் வாபஸ் வாங்க மாட்டானாம்" என்றான், போன் பேசிவிட்டு வந்து.

"அளவு பாத்தா வாங்கின? எனக்கு ரெண்டு வெரல் நீளம் ஜாஸ்தி" என்றாள் மேரி.

காலிப் பெட்டிதான், மூடியை அவளே சாத்தினாள். சாயங்காலம் அதை ஓரமாக நகர்த்தப் போனபோது டேவிட் ராஜால் அசைக்க முடியவில்லை. நான்கு பேர் வேண்டியிருந்தது. திறந்து பார்க்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. பாதிரியார் வந்து தொட்டுப் பார்த்தார், மேரியை ஏறிட்டார், பிறகு கோயில் இறப்புப் பதிவேட்டில் அவள் பெயரை எழுதினார்.

இப்போது இரண்டு கடைகளும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன, வியாபாரம் சுமார்தான். கல்லறைத் திருநாள் தோறும் மேரி தன் கல்லறையைக் கழுவி, மெழுகுவர்த்தி ஏற்றி, காற்றில் அணையாமல் இருக்கக் கல் அண்டக்கொடுத்துவிட்டு, கடை திறக்கப் போகிறாள்.