மரம் நல்லா இருக்கு

தம்பி பால்கனித் திரையை விலக்கினான். தொட்டியிலிருந்த குட்டை அத்தியில் ஓர் இலைகூட இல்லை. அத்தனையும் தரையில் சருகாகக் கிடந்தன. கட்டியை எடுக்கும் ஆபரேஷனுக்காக அக்கா ஆஸ்பத்திரியில் சேர்ந்து பதினேழு நாள் ஆகிறது. அவளுக்கு மாற்றுத் துணி எடுக்க இந்த வீட்டுக்கு நான்கு தடவை வந்துபோனவன், ஒரு தடவைகூட இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அவள் கேட்கும்போதெல்லாம் மட்டும் "மரம் நல்லா இருக்குக்கா" என்று வாய் கூசாமல் சொல்லியிருந்தான். கண்ணாடிக் கடையில் வேலை. எந்த மூக்குக்கு எந்த ஃபிரேமை மாட்டினாலும் எடுப்பாக இருக்கிறது என்று சொல்லிப் பழகிய வாய்.

அக்கா இருபத்திரண்டு வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவள். முழங்கை உயரம்கூட இல்லாத இந்தப் போன்சாய்தான் அவளுக்குச் செல்லம். வெள்ளிக்கிழமை வீடு திரும்புகிறாள். இடையில் ஆறே நாள்.

ஆட்டோவில் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு செடி நர்சரிக்குப் போனான். நர்சரிக்காரம்மா கிளைகளை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். எல்லாம் பழுப்பு. அடிமரத்தில் மட்டும் நூல் அளவுக்குப் பச்சை தெரிந்தது. தொட்டியோடு தண்ணீரில் முக்கி வையுங்கள், காய்ந்த நுனிகளை வெட்டுங்கள், மேலே கண்ணாடிக் காகிதம் மூடுங்கள், உரம் மட்டும் போட்டுவிடாதீர்கள் என்று வரிசையாகச் சொன்னவள், அவன் கிளம்பும்போது நிறுத்தினாள்.

"உயிர் இருக்கான்னு தினமும் சுரண்டிப் பாக்காதீங்க. அதுவே அதைக் கொன்னுடும்."

மற்றதையெல்லாம் செய்தான். இதை மட்டும் அவனால் முடியவில்லை. வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை. பச்சையைப் பார்த்தால் அரை மணி நேரம் நிம்மதி, பிறகு மறுபடி கை துறுதுறுக்கும். கடையில் ஒருவருடைய கண்ணாடியை இன்னொருவருக்குக் கொடுத்தனுப்பி, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

மரம் மட்டும் என்றால் இவ்வளவு பதறியிருக்க மாட்டான். டாக்டர் அவனைத் தனியே கூப்பிட்டு, கட்டியை முழுக்க எடுக்க முடியவில்லை, இன்னொரு ஆபரேஷன் வேண்டும், அதற்குப் பிறகும் உறுதி சொல்வதற்கில்லை என்று சொல்லியிருந்தார். உடம்பு தேறட்டும், நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள் என்றும் சொன்னார். அவன் நேரே போய், "எல்லாத்தையும் எடுத்துட்டாங்களாம்க்கா" என்றான். மரம் துளிர்த்துவிட்டால் அந்தப் பொய்யும் பலித்துவிடும் என்று எப்படியோ மனதில் விழுந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வரை ஒரு துளிர் வரவில்லை.

அக்கா சுவரைப் பிடித்தபடி நேரே பால்கனிக்குப் போனாள். மூடியிருந்த காகிதத்தை எடுத்தாள். அடிமரமெங்கும் இருந்த நகக்கீறல்களைக் கட்டைவிரலால் தடவினாள். அவன் மென்று விழுங்கி, மரத்தின் கதையை ஒன்றுவிடாமல் ஒப்பித்தான். அவள் திட்டவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"மரத்தைப் பத்திக் கேட்டாலே நீ சலிச்சுக்குவே. இந்தத் தடவை கேட்ட உடனே பதில் வந்துச்சு. அப்பவே தெரியும்டா."

அவன் அவள் எடுத்து வைத்த காகிதத்தை மடிக்கத் தொடங்கினான்.

"ஆபரேஷனைப் பத்திக் கேட்டப்பவும் அப்படித்தான் உடனே சொன்னே. டாக்டர் என்ன சொன்னாரு? சுத்தி வளைக்காம சொல்லு."

சொன்னான். முன்னதைப் பின்னதாக, ஒரே தேதியை இரண்டு தடவை எனக் குழறிச் சொன்னான். அவள் ஒரே ஓர் இடத்தில் குறுக்கிட்டாள். அடுத்த ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனை நாள் படுத்திருக்க வேண்டுமாம் என்று கேட்டாள். அதை அவன் டாக்டரிடம் கேட்டிருக்கவில்லை. நாளைக்கு ரெண்டு பேரும் போய்க் கேட்கலாம் என்றாள்.

பிறகு மரத்தை அருகே நகர்த்தச் சொன்னாள். கிளையை வளைப்பதற்காக முன்பு எப்போதோ சுற்றியிருந்த செப்புக் கம்பியின் நுனியைத் தேடிப் பிடித்தாள். தொட்டி ஆடாமல் அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள, இனி அது தன் போக்கில் இருக்கட்டும் என்று ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தாள். கம்பி முழுக்க வந்த பிறகும் கிளை வளைந்தபடியே நின்றது.